கரடிக்குப் பயம், ஏரிக்கு விளையாட்டு!

கோடை வந்தால் ஒன்ராறியோவின் ஏரிக்கரைக் காடுகளில் தமிழ்க் குடும்பங்களின் கூடாரங்கள். முன்பதிவுப் போட்டியிலிருந்து மூழ்கும் ஆபத்து வரை ஒரு சிறப்புப் பார்வை.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி. அல்கொன்குயின் பூங்காவின் 'லேக் ஒஃப் டூ றிவேர்ஸ்' முகாம் திடலுக்குள் மூன்று வான்கள் வரிசையாக நுழைகின்றன. கதவு திறந்ததும் முதலில் இறங்குவது ஆட்களல்ல, கூலர்கள். ஒன்றில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிரட்டிய கோழி, அடுத்ததில் ஆட்டிறைச்சி, மூன்றாவதில் கணவாய். சாரத்தை மடித்துக் கட்டிய அண்ணை ஒருவர் காற்றுமெத்தைக்குப் பம்ப் அடிக்கிறார். கூடாரக் கம்பி எந்த ஓட்டைக்குள் போக வேண்டும் என்பதில் மச்சான்மார் இருவருக்கும் கருத்து வேறுபாடு. பைன் மரங்களின் கீழே மடக்குக் கதிரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அம்மம்மா.

"இஞ்ச கரடி வருமோ தம்பி?"

"சாப்பாட்டை வெளியில வைக்காட்டி வராது, அம்மா. பயப்படாதையுங்கோ."

கரடி வந்தால் ஓடுவதா, நிற்பதா, சட்டியைத் தட்டுவதா என்று அடுத்த அரை மணி நேரம் பெரியவர்கள் பேசித் தீர்க்கிறார்கள். யூடியூபில் பார்த்தது, வேலையிடத்தில் வெள்ளைக்காரர் சொன்னது எல்லாம் வந்து விழுகின்றன.

அதே நேரம் சிறிது தள்ளி, மரங்களுக்கு அப்பால், பிள்ளைகள் தண்ணீருக்குள் நிற்கிறார்கள். இரண்டு பேர் காற்றடித்த ரோஸ் நிறக் கொக்கு ஒன்றின் மேல் ஏறிக் கால் அடிக்கிறார்கள். ஒரு சிறுமி இடுப்பளவு தண்ணீரிலிருந்து மார்பளவுக்கு நகர்கிறாள். இந்த ஏரிக்கரையில் உயிர்காப்பாளர் இல்லை என்கிறது கரையிலுள்ள பலகை. பலகைக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்கும் சித்தப்பாவின் கண் கைப்பேசியில். அவருக்கு நீந்தத் தெரியாது.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் உதடு நீலம் பாய்ந்து, பசியோடு திரும்பி வந்தார்கள். பெரும்பாலான வார இறுதிகளில் ஒன்றும் நடப்பதில்லை. அதனால்தான் இந்தக் காட்சி ஒவ்வொரு கோடையிலும் அப்படியே திரும்ப நடக்கிறது.

காலை ஏழு மணிப் போர்

ஒரு தலைமுறைக்கு முன் நம்மவரின் கோடை என்றால் ஸ்காபரோவின் ஏதோ ஒரு பூங்காவில் ஊர்ச் சங்க ஒன்றுகூடல், வடையும் கயிறிழுத்தலும், இருட்டுவதற்குள் வீடு. இப்போது அது இரவு தங்கலாகிவிட்டது. காரணம் விளங்காததல்ல. விடுதி அறை எடுத்தால் நான்கு குடும்பத்துக்கு நான்கு அறை. கட்டணம் கையைக் கடிக்கும். முகாம் தளம் அதில் ஒரு பங்குதான். அத்தோடு, வீட்டில் ஆளுக்கொரு திரையோடு அறைக்குள் கிடக்கும் பிள்ளைகள் இங்கே ஒரே நெருப்பைச் சுற்றி இருக்கிறார்கள். ஒன்றுவிட்ட சகோதரங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிவதே இந்த மூன்று நாளில்தான் என்று சொல்லும் பெற்றோர் பலர்.

ஆசை எல்லாருக்கும் வந்ததில் இடம் கிடைப்பதுதான் பாடு. மாகாணப் பூங்காக்களை நடத்தும் ஒன்ராறியோ பார்க்ஸ் தளங்களை 5 மாதம் முன்னதாகத் திறக்கிறது, காலை 7 மணிக்கு. ஜூலை 1ஆம் திகதிக்கு இடம் வேண்டுமானால் பெப்ரவரி 1ஆம் திகதி, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, கணினி முன் குந்தியிருக்க வேண்டும். கணவன் ஒரு மடிக்கணினி, மனைவி ஒரு கைப்பேசி, மூத்த மகள் இன்னொன்று. 7 மணி 2 நிமிடத்துக்குள் கரையோரத் தளங்கள் காணாமல் போய்விடும். நீண்ட நாள்களைப் பிடித்து வைத்துப் பிறகு வேண்டாததைக் கழற்றிவிடும் தந்திரத்தைத் தடுக்க, ரத்துக் கட்டணத்தைக் கூட்டினார்கள். நெரிசலான பூங்காக்களில் கோடை உச்சத்தில் தங்கக்கூடிய இரவுகளையும் குறைத்தார்கள். போட்டி குறைந்ததாகத் தெரியவில்லை.

நம்மவருக்கு இன்னொரு சிக்கல். ஒரு தளத்தில் 6 பேர்தான் தங்கலாம். ஒரே குடும்பமென்றால் விலக்கு உண்டு. எங்கள் கணக்கில் ஒரே குடும்பம் என்றால் பெரியப்பா வழி, மச்சாள் வழி எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து பேர். பூங்காவின் கணக்கு அப்படியல்ல. இருபத்தைந்து பேரோடு போகிறவர்கள் அல்கொன்குயினின் வைற்ஃபிஷ் ஏரியில் இருப்பதுபோன்ற குழுத் தளங்களைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு தனித் தளத்தை எடுத்து, இரவில் எல்லாரும் ஒன்றில் குவிந்து, காவலர் வந்து ஆட்களை எண்ணும்போது ஆங்கிலம் தெரியாததுபோல நிற்பது நாகரிகமில்லை.

■ பெட்டிச் செய்தி: புதிதாகப் போகிறவர்களுக்கு

• முதல் முறையே அல்கொன்குயின் வேண்டாம். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம்; எதையாவது மறந்தால் திரும்பி ஓட முடியாது. ஸ்காபரோவிலேயே, றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில், க்ளென் றூஜ் முகாம் திடல் இருக்கிறது. மழை பெய்தால் அரை மணியில் வீடு.

• ஓகஸ்ற் மாதத்திலும் வடக்குக் காட்டில் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும். காற்றுமெத்தை கீழிருந்து குளிரை ஏற்றும். அதன் மேல் ஒரு தடித்த போர்வை விரியுங்கள்.

• கொசுவைவிடக் கொடியது கறுப்பு ஈ. மே நடுவிலிருந்து ஜூன் பிற்பகுதி வரை அதன் காலம். சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் ஜூலை நடுவுக்குப் பிறகு போவது புத்தி.

• கழிவறைக்குப் போகச் செம்பு அல்லது போத்தல் ஒன்று. இதை எந்த ஆங்கில வழிகாட்டியும் சொல்லாது.

தறப்பாளுக்குக் கீழே மறுபடியுமா?

எல்லா வீட்டிலும் இந்த உற்சாகம் இல்லை. 2009இல் இலங்கையின் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் மாதக்கணக்கில் கிடந்தவர்கள் இன்று இந்த நகரத்தில் அம்மம்மாக்களாகவும் மாமாக்களாகவும் இருக்கிறார்கள். தண்ணீருக்கு வரிசை, கழிவறைக்கு வரிசை, மழை வந்தால் பாய்க்குக் கீழே வெள்ளம். அதையெல்லாம் கடந்து வந்த ஒருவரிடம் போய், காசு கட்டி மூன்று நாள் கூடாரத்தில் படுக்கலாம் வாருங்கள் என்றால் அவர் முகம் எப்படிப் போகும்? சிலர் வரவே மாட்டார்கள். வருகிறவர்களில் சிலர் இரவில் காருக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள். கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைக்கு இது புரிவதில்லை. புரியவைக்க வேண்டிய பெற்றோர் பெரும்பாலும் சிரித்துச் சமாளிக்கிறார்கள். அவருக்கு ஒரு கபினோ, கூரையும் கட்டிலும் உள்ள யேர்ட்டோ எடுத்துக் கொடுப்பது ஆடம்பரமல்ல. பல பூங்காக்களில் அவை உண்டு.

கரடி: பயமும் கணக்கும்

ஒன்ராறியோவில் சுமார் ஒரு லட்சம் கருங்கரடிகள் இருப்பதாக மதிப்பீடு. அல்கொன்குயினில் அவற்றை நெடுஞ்சாலையோரத்திலேயே காணலாம். மனிதரைக் கொன்றதும் உண்டு: 1991 ஒக்ரோபரில் ஓபியோங்கோ ஏரியின் தீவொன்றில் முகாமிட்டிருந்த இருவரைக் கரடி ஒன்று அடித்துக் கொன்றது. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்தச் சம்பவம் இன்னும் பேசப்படுகிறது என்றால், அது எவ்வளவு அபூர்வம் என்று பாருங்கள்.

முகாம் திடலுக்கு வரும் கரடி மனிதரைத் தேடி வருவதில்லை. இரவு பத்து மணிக்கு மேசையில் மூடாமல் விட்ட இறைச்சிக் கறிச் சட்டியைத் தேடி வருகிறது. நமது சமையலுக்கு உள்ள வாசம் பக்கத்து வளவு வெள்ளைக்காரரின் தொத்திறைச்சிக்கு இல்லை, சந்தேகமேயில்லை. அதனால் நாம் கொஞ்சம் கூடக் கவனமாக இருக்க வேண்டும். ஒருமுறை மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைப் பிடித்து வேறிடம் கொண்டுபோவார்கள், அல்லது சுட்டுவிடுவார்கள். ஒரு கூலரை வெளியே மறந்துவிட்டதற்குக் கரடி கொடுக்கும் விலை அது.

பூங்காக் காவலர்கள் எதிர்பார்ப்பது எளிது. ஆள் இல்லாத நேரத்திலும் இரவிலும் மேசையில் ஒன்றும் இருக்கக்கூடாது. கூலர், எண்ணெய்ப் போத்தல், கழுவாத சட்டி, பற்பசை, சவர்க்காரம், குப்பைப் பை அனைத்தும் காருக்குள், கண்ணாடிகள் மூடியபடி. கூடாரத்துக்குள் பிஸ்கற் பெட்டிகூட வேண்டாம். இறைச்சி கழுவிய தண்ணீரைப் பற்றைக்குள் ஊற்றுவது, மீதி எலும்பை நெருப்புக் குழிக்குள் போடுவது இரண்டும் நம்மிடையே பரவலான பழக்கங்கள். இரண்டும் தண்டத்துக்குரியவை. ஒழுங்காக இருந்தால் கரடியோடு உங்களுக்கு வேலை இல்லை. ரக்கூன் மட்டும் வரும். அது வந்தே தீரும்.

ஏரி

இனி விடயத்துக்கு வருவோம்.

அல்கொன்குயின் 1893இல் நிறுவப்பட்டது. ஒன்ராறியோவின் முதல் மாகாணப் பூங்கா. ஏரிகள் மட்டும் ஆயிரக்கணக்கில். அந்தப் பூங்காவோடு சேர்த்து உலகம் நினைவில் வைத்திருக்கும் மனிதர் ஓவியர் ரொம் தொம்சன். காட்டு வழிகாட்டியாகவும் வேலை செய்தவர், துடுப்புப் படகு அவருக்குக் கைவந்த கலை. 1917 ஜூலை 8ஆம் திகதி கனூ ஏரியில் படகோடு போனவரின் உடல் 8 நாள் கழித்து மிதந்தது. மூழ்கி இறந்தார் என்பது அதிகாரபூர்வத் தீர்ப்பு. கொலை என்போர் இன்றும் உண்டு. எப்படியோ, அந்தக் காட்டில் பல ஆண்டு பழகிய மனிதரின் சடலம் ஏரியிலிருந்துதான் எடுக்கப்பட்டது.

நூறு ஆண்டு கழித்து, 2017 ஜூலையில், அதே பூங்காவின் பிக் ட்ரவுட் ஏரியில் பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த 15 வயது மாணவன் ஒருவன் மூழ்கி இறந்தான். குடிபெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. பின்னர் ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச் சபையே வெளியிட்ட தகவல் நாட்டை அதிரவைத்தது: அந்தப் பயணத்துக்குப் போன 32 மாணவரில் 15 பேர் நீச்சல் தேர்வில் தேறாதவர்கள். ஆசிரியரும், உயிர்காப்பாளரும், திட்டமும் இருந்த பயணம் அது. நமது வார இறுதிப் பயணத்தில் இவற்றில் எது இருக்கிறது?

லைஃப்சேவிங் சொசைட்டி என்ற உயிர்காப்பு அமைப்பு சில ஆண்டுகளுக்கு முன் செய்த ஆய்வில், கனடாவுக்குப் புதிதாக வந்த 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் நீந்தத் தெரியாதவர்களாக இருக்கும் வாய்ப்பு, இங்கே பிறந்த வகுப்புத் தோழர்களைவிட 5 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். தண்ணீரில் விளையாடப் போவதில் மட்டும் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. கூட்டிப் பார்த்தால் விளைவு தெரியும்.

நமக்கு ஏன் நீச்சல் வராமல் போனது? யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடும். உட்புறக் கிராமத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் கிணறும் துலாவும் வாளியும்தான். கரையோர ஊர்களில் பையன்கள் கடலில் விழுந்து பழகினார்கள். சிலர் கீரிமலைக் கேணியில். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தனைத் தந்தது வல்வெட்டித்துறை. ஆனால் அது கரையின் கதை. பெண்களைப் பொறுத்தவரை எந்த ஊரிலும் பேச்சே இல்லை. அந்த அம்மாக்கள்தான் இன்று ஒன்ராறியோவின் ஏரிக்கரையில் நின்று, "ஆழத்துக்குப் போகாதை" என்று கூப்பிடுகிறார்கள். ஆழம் எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்கும் தெரியாது.

கடலோரத்தில் வளர்ந்த அப்பாக்களின் நிலை வேறு விதத்தில் மோசம். "எனக்கு நீச்சல் தெரியும்" என்ற நம்பிக்கை இருபத்தைந்து ஆண்டு பழசு, உப்புத்தண்ணீரில் பெற்றது. நன்னீர் உப்புநீர் அளவுக்கு உடம்பைத் தூக்கிக் கொடுக்காது. விக்ரோறியா தின விடுமுறையில், மே மாதத்தில், கரையில் வெயில் சுட்டாலும் தண்ணீர் இன்னும் பனி உருகிய குளிரில்தான் இருக்கும். திடீரென்று குதித்தால் மூச்சு இழுபடும். அந்த முதல் மூச்சில் தண்ணீர் உள்ளே போனால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. இதோடு இரண்டு பியரும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கனடாவில் மூழ்கி இறப்பவர்களில் பத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் ஆண்கள். தெரியாதவர்களைவிடத் தெரியும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. உண்மையில் சத்தமே வராது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சு எடுக்கவே நேரமில்லை, கத்துவதற்கு எங்கே? கைகள் தண்ணீரை அழுத்தியபடி இருக்கும். தலை பின்னால் சாய்ந்திருக்கும். பார்க்கிறவருக்குப் பிள்ளை விளையாடுவதுபோலத்தான் தோன்றும். ஒரு வாட்ஸ்அப் காணொளியைப் பார்த்து முடிக்கும் நேரம் போதும்.

கரையிலிருந்து 3 முதல் 15 மீற்றருக்குள்தான் பெரும்பாலானவர்கள் மூழ்குகிறார்கள் என்பது லைஃப்சேவிங் சொசைட்டி திரும்பத் திரும்பச் சொல்லும் தகவல். நடு ஏரிக்குப் போனவர்களல்ல அவர்கள். கால் வைத்த இடத்தில் திடீரென்று தரை இறங்கியதும் தடுமாறியவர்கள். காற்றில் நகர்ந்த ரப்பர் மிதவையைப் பிடிக்க இரண்டு எட்டு கூட வைத்தவர்கள். காற்றடித்த கொக்கும் டோனட்டும் விளையாட்டுப் பொருள்கள். கரையிலிருந்து வீசும் காற்று அவற்றைப் பிள்ளையோடு சேர்த்து நிமிடத்தில் உள்ளே தள்ளிவிடும்.

■ பெட்டிச் செய்தி: உயிர் தப்ப எவ்வளவு நீச்சல் வேண்டும்?

'ஸ்விம் டு சர்வைவ்' என்ற பெயரில் கனடாவில் நடக்கும் பயிற்சியின் அளவுகோல் மூன்றே மூன்று:

ஆழ்தண்ணீருக்குள் உருண்டு விழுந்து மேலே வருதல்.
நிலைகுத்தாக 1 நிமிடம் மிதந்து நிற்றல்.
எந்தப் பாணியிலாவது 50 மீற்றர் நீந்துதல்.

இது போட்டிக்கான நீச்சலல்ல. தவறி விழுந்தவர் கரை சேர்வதற்கான குறைந்தபட்சம். ஒன்ராறியோவின் பல பள்ளிகளில் ஆரம்ப வகுப்பு மாணவருக்கு இதைக் கற்பிக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் உண்டா என்று கேளுங்கள். பள்ளியிலிருந்து அனுமதிப் படிவம் வந்தால் கையொப்பமிட்டு அனுப்புங்கள். தடிமன் பிடிக்கும் என்று நிறுத்திவைக்காதீர்கள்.

பிள்ளையைக் காப்பாற்றப் போன அப்பா

ஒவ்வொரு கோடையிலும் செய்தியில் ஒரு வகைச் சம்பவம் வரும். பிள்ளை தடுமாறுகிறது, அப்பா பாய்கிறார், பிள்ளையை யாரோ இழுத்துக் கரை சேர்க்கிறார்கள், அப்பா வரவில்லை. எந்தச் சமூகமும் இதற்கு விலக்கல்ல. நீந்தத் தெரியாதவர் தண்ணீருக்குள் பாய்ந்தால் காப்பாற்ற வேண்டியவர்கள் இருவராகிறார்கள். பெற்றவர் ஒருவரிடம் பாயாதே என்று சொல்வது கேட்க மனமில்லாத பேச்சுத்தான். ஆனால் பாய்வதைத் தவிரச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

எறியுங்கள். மிதக்கும் எதுவும் போதும். மூடி இறுக்கிய வெற்று நாலு லீற்றர் எண்ணெய்க் கான் ஒருவரைத் தாங்கும். ஒரு கூலரின் இறைச்சியைக் கரையில் கொட்டிவிட்டு மூடியை இறுக்கி எறிந்தால் இருவர் பிடித்துக்கொள்ளலாம். துடுப்பை, கூடாரக் கம்பியை, இடுப்பிலுள்ள சாரத்தைக்கூட நீட்டலாம். படுத்துக்கொண்டு நீட்டுங்கள், நின்றால் நீங்களும் இழுபட்டுப் போவீர்கள். போகும்போதே ஒரு நைலோன் கயிறு கரையில் கிடக்கட்டும். உங்கள் தள எண் என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். பல ஏரிகளில் கைப்பேசிச் சமிக்ஞை கிடையாது. எந்த மேட்டில் கிடைக்கிறது, பூங்கா அலுவலகம் எந்தப் பக்கம் என்று வந்த அன்றே பார்த்து வையுங்கள்.

எல்லாவற்றிலும் மலிவான தீர்வு லைஃப் ஜக்கெற். பல மாகாணப் பூங்காக்களில் அதை இலவசமாக இரவல் தருகிறார்கள். அலுவலகத்தில் கேட்டால் போதும். விறகு வாங்க அதே அலுவலகத்துக்குப் போகும் நம்மவர் இதைக் கேட்பதில்லை. காரணம் தெரியாமையும் கொஞ்சம் வெட்கமும். பத்து வயதுப் பையனுக்கு ஜக்கெற் போட்டால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். படகில் ஆளுக்கொரு ஜக்கெற், அளவுக்கேற்றதாக, இருக்க வேண்டும் என்பது சட்டம். இருப்பது என்றால் காலடியில் கிடப்பது. கவிழ்ந்த படகுக்குக் கீழே தேடி எடுத்துப் போட எவராலும் முடியாது. ஏறுமுன் போட்டுக் கொளுவிகளை இறுக்குங்கள். சிறுபிள்ளைக்குக் கால்களுக்கிடையே போகும் பட்டியையும் மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஜக்கெற் மேலே, பிள்ளை கீழே.

காவலுக்கு நிற்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்தால் பத்துப் பேரும் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஒருவரும் பார்க்க மாட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். அந்த இருபது நிமிடம் கைப்பேசி இல்லை, கதை இல்லை, கொத்துரொட்டி எப்படி என்று எட்டிப் பார்ப்பதும் இல்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே நில்லுங்கள்.

மழை வந்த இரவு

தண்ணீருக்கு அடுத்த ஆபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னும் குறைவு. இரவில் மழை பிடிக்கிறது, குளிர் ஏறுகிறது, பிள்ளைகள் நடுங்குகிறார்கள். பாபகியூ அடுப்பில் கரி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. அதைத் தூக்கிக் கூடாரத்தின் முன்னறைக்குள் வைத்தால் என்ன என்று யாரோ ஒருவருக்குத் தோன்றும்.

வைக்காதீர்கள். சுவாலை அடங்கிய கரியிலிருந்தும் கார்பன் மொனொக்சைட் வந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, மணமில்லை. தலையிடியும் தூக்கமும் வரும்; தூக்கம் வருவது இரவில் இயல்புதானே என்று படுத்துவிடுவார்கள். எரிவாயு அடுப்பும், எரிவாயு ஹீற்றரும் இதே ஆபத்துத்தான். கூடாரத் துணி காற்றுப் புகும் துணிதானே என்ற வாதம் நனைந்த கூடாரத்துக்குப் பொருந்தாது. குளிரென்றால் காருக்குப் போங்கள், அல்லது வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வையுங்கள். சமையலுக்கு, மழை படாமல் மேலே ஒரு தறப்பாள் கட்டி, நாலு பக்கமும் திறந்தபடி, வெளியே வைத்துச் சமையுங்கள்.

விறகோடு வரும் வண்டு

வீட்டுப் பின்வளவில் வெட்டிய மரத்தின் துண்டுகளை வானில் ஏற்றிக்கொண்டு போவது காசு மிச்சம்தான். ஆனால் 2002இல் விண்ட்ஸர் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட மரகத நிற வண்டு ஒன்று, ஆஷ் மரங்களின் பட்டை வெடிப்புகளில் முட்டையிட்டு, இன்றுவரை கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றிருக்கிறது. அது சொந்தமாகப் பறப்பது கொஞ்சத் தூரம். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் அதைக் கொண்டுபோவது விறகு ஏற்றிய வாகனங்கள். 2023இல் நயாகராப் பகுதியில் ஓக் மரங்களை வாட்டும் பூஞ்சை நோயும் கனடாவில் முதல் முறையாகக் காணப்பட்டது. விறகைப் போகும் இடத்தில் வாங்கி, அங்கேயே எரித்து முடியுங்கள்.

நெருப்புத் தடை அறிவித்திருந்தால் குழிக்குள் சின்ன நெருப்பும் கிடையாது. 2023இல் கனடாவில் எரிந்த காடு சுமார் 1.5 கோடி ஹெக்ரேயர். இலங்கைத் தீவின் பரப்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் கோடையில் ரொறன்ரோவின் வானமே புகை மூடிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தடை நாளில் சமையலுக்கு எரிவாயு அடுப்பு பாவிக்கலாம். கணவாய் வறுபடும், கவலை வேண்டாம்.

■ பெட்டிச் செய்தி: உண்ணி

றூஜ் பள்ளத்தாக்கு உட்படத் தெற்கு, கிழக்கு ஒன்ராறியோவின் பல காடுகளில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது. எள்ளுருண்டையில் ஒட்டிய எள் அளவுதான். நீளக் காற்சட்டை, அதன் நுனி காலுறைக்குள். இரவில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கக்கம், காதின் பின்புறம், தலைமுடி என்று தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்புக்குச்சி வைத்தியம் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.

பக்கத்துத் தளத்துக்காரர்

இரவு பதினொரு மணிக்கு இளையராஜா. நமக்கு இனிமை; நடுவில் ஒரு பைன் மரம் மட்டும் இருக்கும் பக்கத்துத் தளத்துக் கைக்குழந்தைக்கு இல்லை. பிறருக்கு இடைஞ்சலான சத்தம் பகலிலும் குற்றமே என்பது ஒன்ராறியோ பூங்காக்களின் விதி. சில திடல்களில் வானொலியே போடக்கூடாத பகுதிகள் உண்டு. காவலர் வந்து எச்சரித்தால் நிறத்தைப் பார்த்து வருகிறார் என்ற பேச்சு உடனே கிளம்புகிறது. அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒலிபெருக்கியை வானுக்குள் வைத்துவிட்டு வந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமிருக்காது. பாடத்தான் வேண்டுமென்றால் வாயால் பாடுங்கள். பத்து மணி வரை யாரும் முறைப்பதில்லை. சில வேளை வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

பெப்ரவரிக்கு முன்

தண்ணீரைக் கண்டு ஒதுங்கிப் போவது இந்த நாட்டில் நடக்கிற காரியமல்ல. பள்ளி கொண்டுபோகும், நண்பர்கள் கூப்பிடுவார்கள், நாங்கள் போகாவிட்டாலும் பிள்ளை போகும். முகாம் தளத்துக்காகப் பனிக்காலக் காலையில் மூன்று திரைகளோடு காத்திருக்கும் குடும்பம், நகரசபையின் நீச்சல் வகுப்புப் பதிவுக்கும் அதே ஆவேசத்தோடு காத்திருக்க வேண்டும். அங்கேயும் இடங்கள் நிமிடத்தில் தீர்கின்றன. ரொறன்ரோவில் கட்டணமில்லாத சமூக மையங்கள் இருக்கின்றன. பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் தடாகங்களும் உண்டு. பெப்ரவரியில் தளம் கிடைத்தால் ஜூலை வரை 5 மாதம். வாரம் ஒரு வகுப்பென்று வைத்தாலும் ஒரு பிள்ளை 50 மீற்றர் கடக்கப் பழக அந்தக் காலம் பெரும்பாலும் போதும்.

பிள்ளையைச் சேர்க்கும்போது படிவத்தின் அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். பெரியவர்களுக்கும் ஆரம்ப வகுப்பு இருக்கிறது.